ஆச்சியின் பெட்டிக்கு விலை யாது?

வலிகாமத்திலே எமது சிற்றூரில் பனையோலைப் பெட்டி இழைக்கும் மூதாட்டியார் ஒருவர் உளர். ஊரார் யாவருக்கும் அவர் ஆச்சி. குருத்தோலையை வெயிலிற் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, மெல்லியதாய் வார்ந்து, சாயமிட்டு அவர் இழைக்கும் பெட்டியைக் கையில் எடுத்தோர் கீழே வைக்க மனங்கொள்ளார். சென்ற விடுமுறையில் அவரிடம், "ஆச்சி, இதுக்கு என்ன செலவு வருகுது?" என்று வினவினோம்.

"ஓலைக்கு என்ன தம்பி காசு? வளவுக்குள்ளை நிக்கிற பனைதானே!" என்று நகைத்தார்.

அந்நகைப்பு எமக்கு நகைப்பாகத் தோன்றவில்லை. பெட்டியின் விலை 600 ரூபா. மரமேறி ஓலை வெட்டியவர் கூலியும் சாயமும் சேர்ந்து பெட்டியொன்றுக்கு 160 ரூபா. இழைக்க இரண்டு நாட்கள். ஆக, நாளொன்றுக்கு ஆச்சியின் ஊதியம் 220 ரூபா! வெங்காயத் தோட்டத்திற் களை பிடுங்கச் சென்றிருப்பினும் இதனிற் பன்மடங்கு பெற்றிருப்பார்.

பனை அபிவிருத்திச் சபை 1978இலும், தேசிய அருங்கலைகள் பேரவை 1982இலும் தோன்றின. இழைத்தலும் சாயமிடலும் புதிய வடிவங்களும் பலருக்குப் பயிற்றப்பட்டன, அது நன்றே. ஆயின் ஆச்சிக்கு இழைக்கக் கற்பிப்பார் வேண்டியதில்லை. வேண்டியது கணக்கு.

சென்ற ஆண்டு ஆச்சியின் பேர்த்தி பெட்டியின் படத்தை முகநூலில் இட்டாள். கனடாவிலே திருமணமொன்றுக்கு 50 பெட்டிகள் வேண்டுமெனக் கேட்டு எழுதினர். வீடெங்கும் மகிழ்ச்சி. மூன்று பெண்கள் பகிர்ந்து இழைத்தனர். கேட்கப்பட்ட அகலம் 18 சென்ரிமீற்றர். இவர்கள் அளந்ததோ சாணால். மூவர் கையும் ஒரே சாணாகுமா? அளவு பிசகியவை வீட்டிலேயே தங்கின. அனுப்பியவற்றுக்கோ, விலை பேசியபின்னரே வானூர்திக் கட்டணம் தெரியவந்தது. பாரம் குறைந்த பொருளாயினும், அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் அறவிடுவது பார்சற்காரர் வழக்கம். வெறும் பெட்டி காற்றையன்றோ சுமந்து செல்கின்றது! ஒன்றினுள் ஒன்று அடங்குமாறு இழைத்திருந்தாற் பெருந்தொகை மிஞ்சியிருக்கும். வந்த பணமும் உறவினர் ஒருவரின் வங்கிக் கணக்குக்கே சென்றது. ஆச்சியின் பெயரிற் கணக்கு இருக்கவில்லை.

இவற்றைக் கற்பிக்க வகுப்புகள் நடவாமலில்லை. நாம் கண்ட ஒன்றிலே திரையில் ஆங்கிலம் ஓடிற்று. மாலையிற் சான்றிதழும் குழுப்படமும் கிடைத்தன. திண்ணையில் அமர்ந்து தமிழிற் சொல்லித்தர ஒரு மாணவனோ மாணவியோ போதுமே! நல்ல வெளிச்சத்திற் படம் எடுத்தல், அருகே அளவுகோல் வைத்தல், ஓலை ஈரமிருந்தாற் பூஞ்சணம் பிடிக்குமாதலால் நன்கு உலர்த்திப் பொதிசெய்தல், கேட்டவர்க்கு உடன் விடையிறுத்தல், இவையே பாடங்கள். மத்திய வங்கி வகுத்த லங்கா கியூஆர் அட்டை ஒன்று இருப்பின், நல்லூர்த் திருவிழாக் காலத்திற் கையிற் காசின்றி வரும் இளைஞரும் கைத்தொலைபேசியாற் பணம் செலுத்திச் செல்வர்.

பேர்த்தியும் யாமும் ஒரு கொப்பியிற் கணக்கு எழுதினோம். முதல் வரியில் "ஓலை" என எழுதி விலையிட்டபோது ஆச்சி தடுத்தார், பின்னர் விட்டுவிட்டார். இரு நாட் கூலியும் சேர்த்தபோது விலை 1,500 ரூபா ஆயிற்று.

"ஆர் தம்பி வாங்குவினம்?" என்றார்.

ஆச்சியின் பெயரில் வங்கிக் கணக்கு இப்பொழுது உண்டு. அவ்விலைக்கு இதுவரை நான்கு பெட்டிகள் விற்றுள்ளன. குறைத்துக் கேட்டவர் சிலர் திரும்பிச் சென்றனர்; ஆச்சி அவர்களை அழைக்கவில்லை.