சமுதாய வானொலியும் ஊர்ச் செய்தியும்

மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. யானையின் பிடரியில் முரசை ஏற்றி, இந்திர விழா வருகிறது என்று புகார் நகர மக்களுக்கு ஒருவன் அறிவிக்கிறான். தெருக்களில் புதுமணல் பரப்புங்கள், கொடிகளைக் கட்டுங்கள் என்கிறான். அதே மூச்சில், பகையையும் பூசலையும் விட்டு விலகியிருங்கள் என்றும் சொல்கிறான். கலை எது, ஊர் நடப்பு எது என்று அவன் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்று ஏறத்தாழ அதே பணியைச் செய்ய வந்திருக்கும் சமுதாய வானொலிக்கோ அந்தப் பிரிவினை ஒரு விதியாகவே விதிக்கப்பட்டிருக்கிறது. அது பொருந்துமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வானொலி என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, அரசு நடத்தும் அகில இந்திய வானொலி. மற்றொன்று, விளம்பர வருவாயை நம்பி நடக்கும் தனியார் பண்பலை. சமுதாய வானொலி மூன்றாவது வகை. இலாப நோக்கமின்றி, ஒரு வட்டாரத்து மக்களுக்காக, அம்மக்களே பேசியும் பாடியும் நடத்துவது அது. ஒலிபரப்பியின் ஆற்றல் பொதுவாக 100 வாட். கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேற்படுவதில்லை. ஆதலின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு வரைதான் தெளிவாகக் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் அந்த வட்டாரத்திலேயே தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி.

அரசு வானொலி உழவர்களுக்குச் செய்த தொண்டை மறக்க இயலாது. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லை, வானொலி வழியே அறிந்த காரணத்தால் மக்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். எனினும் அங்கே பேசியவர் அதிகாரி; உழவர் கேட்பவர். பேசும் உரிமை மக்களுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்ற தகராறில் தொடங்கிய ஒரு வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. (விளையாட்டினாலும் சில நன்மைகள் விளைகின்றன!) 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு இசைவு கிடைத்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. 2006 இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

அவ்வாறு திறந்த கதவின் வழியே வந்ததுதான் சங்கம் ரேடியோ. தெலங்கானாவில் ஜஹீராபாத்துக்கு அருகிலுள்ள மாச்சனூரில் 2008 அக்டோபர் 15 அன்று அது தொடங்கியது. நடத்துவோர் மானாவாரி நிலத்தில் உழைக்கும் தலித் பெண்கள். முதியோரின் பாடல்களையும் விதை பற்றிய அறிவையும் ஒலிப்பதிவு செய்து அவர்கள் ஒலிபரப்புகின்றனர். விதைப்புப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் தானியத்தின் பெயர் உண்டு, பருவம் உண்டு, மழை பொய்த்த துயரம் உண்டு. பாட்டு முடிந்ததும் ஒருத்தி, 'இந்த ஆண்டு தானியத்துக்கு ஏன் விலை இல்லை?' என்று கேட்டால் அந்த நிகழ்ச்சி எந்த வகையில் சேரும்?

இங்குதான் சிக்கல். 2006 விதிகள் செய்தியையும் நாட்டு நடப்பையும் ஒலிபரப்பக் கூடாது என்றன. வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்தடை ஆகியவை செய்தியல்ல என விலக்கு உண்டு. பின்னர், அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பவும் இசைவு தரப்பட்டது. நம் கல்லூரியில் ஒரு நிலையம் அமைந்தால், நாளை குடிநீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வராது என்று பொறுப்பானவரை அழைத்து வினவத் தொடங்கினால் விதியின் விளிம்புக்கு வந்துவிடுவோம்.

பாம்பனில் 2016 இல் மீனவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கடல் ஓசை வானொலியை நினைத்துப் பாருங்கள். காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று அது சொல்லலாம். அவ்வூர்ப் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால், அது செய்தி. அகில இந்திய வானொலி சொன்னதைத் திருப்பிச் சொல்லலாமே ஒழிய, கரையில் காத்திருக்கும் மனைவியைப் பேசவைத்துத் தன் செய்தியாகச் சொல்ல விதி இடங்கொடுக்காது.

அரசின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஒலிவாங்கி ஒரு கட்சிக்காரரின் கையில் சிக்கினால் ஊர் இரண்டுபடும். ஆனால் நாள் முழுதும் தொலைக்காட்சிகள் செய்தி சொல்லும் நாட்டில், 10 கிலோமீட்டர் மட்டும் கேட்கும் குரலுக்கு இந்தப் பூட்டு மிகையென்றே தோன்றுகிறது.

அண்டை நாடான நேபாளத்தில் ரேடியோ சாகர்மாதா 1997 இலேயே தொடங்கிவிட்டது. அங்கே பண்பலை நிலையங்கள் செய்தியும் சொல்லி வந்தன. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டதும், பண்பலையில் இனி இசை மட்டுமே, செய்தி கூடாது என்று ஆணை பிறந்தது. சில வானொலியார் தெருவில் நின்று செய்தி வாசித்தனர். வேறு சிலர் அன்றைய செய்திகளுக்கு மெட்டமைத்துப் பாடினர். பாட்டுக்குத்தான் தடை இல்லையே!