பழுவூரா, பளூரா?

அரியலூர் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் கூவுவது ‘கீளப்பளூர், கீளப்பளூர்’ என்றுதான் காதில் விழும். பலகையில் இருப்பது கீழப்பழுவூர். திருமழபாடி, கங்கைகொண்ட சோழபுரம் என்று ஊர்ப்பெயரிலேயே ழகரம் குடியிருக்கும் மாவட்டம் இது. பேச்சில் மட்டும் மழை ‘மள’, கிழங்கு ‘கெளங்கு’. பெரம்பலூர்ப் பக்கமும் இதே கதைதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ழ வராது என்று மேடைக்கு மேடை புலம்புகிறோம். ஆனால் பள்ளிக்கூடமே போகாத அப்பாயிதான் ‘வாளப்பளம்’ என்கிறார். நாக்கை மடித்து ழ சொல்வது பெரும்பாலும் ஒப்புவித்தல் போட்டிக்குப் போகும் பேத்தி. பவழம், பவளம் இரண்டையும் இலக்கிய வழக்கே ஏற்றிருக்கிறது. இந்த மயக்கம் நேற்று முளைத்ததல்ல.

இதில் நாக்கைவிடக் காதுக்குத்தான் பங்கு அதிகம். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் தகர, டகர வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஒரு வயது நெருங்கியபோது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் பயன்படாத வேறுபாட்டைக் காது தள்ளிவிடுகிறது. ‘மள’ என்றே கேட்டு வளரும் பிள்ளைக்கு ழ வேறு, ள வேறு என்று சொல்லித்தருவது எழுத்துதான்.

கொரியாவில் நடப்பது இன்னும் விசித்திரம். அங்கே ‘தல்’ என்றால் நிலா. அதே தகரத்தைப் பலமாக மூச்சுவிட்டுச் சொன்னால் முகமூடி. பழைய தலைமுறை இரண்டையும் மூச்சின் அளவால் பிரித்தது. சியோல் நகரத்து இளையவர்களிடம் அந்த வித்தியாசம் தேய்ந்து, சுருதி அந்த வேலையைப் பார்க்கிறது: முகமூடிக்குக் குரல் ஏறும், நிலாவுக்கு இறங்கும். டேவிட் சில்வா 2006-இல் இதை அளந்து காட்டினார். மாற்றத்தில் முன்னே சென்றவர்கள் பெண்கள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. ஆக, ஒரே சொல்லில் தாத்தாவின் காது மூச்சைத் தேடுகிறது, பேரனின் காது சுருதியைத் தேடுகிறது.

நம் பேச்சு ழகரத்துக்கு அப்படி ஈடு எதையும் தேடவில்லை. ‘பளம் வாங்கிட்டு வா’ என்றால் யாரும் குழம்பப் போவதில்லையே.

உண்மையான தலைமுறை இடைவெளி இங்கே வேறு இடத்தில் இருக்கிறது. ‘பேனைப் போடு’ என்கிறார் அப்பாயி. தலையைச் சொறிந்து காட்டிச் சிரிக்கிறாள் பேத்தி. அப்பாயி காதுக்கு ஒன்றாகவே கேட்கும் பகரமும் ஃபகரமும் அவளுக்கு இரண்டு ஒலிகள். ஃபேன் என்று சொல்லப் பழக்க எந்தப் பள்ளியும் போட்டி வைத்ததில்லை. டிவியும் இங்கிலீஷ் மீடியமும் போதுமானதாக இருந்தன.