நகர்பேசிவழிக் குடும்ப வரலாற்று ஆய்வு

நகர்பேசிவழிக் குடும்ப வரலாற்று ஆய்வு என்பது, ஒரு குடும்பத்தின் முன்னோர், அவர்களிடையேயான உறவுமுறை, அவர்கள் வாழ்ந்த இடங்கள் ஆகியன பற்றிய சான்றுகளை நகர்பேசியின் (செல்லிடத் தொலைபேசியின்) துணைகொண்டு திரட்டி ஒழுங்குபடுத்துவதாகும். இணையத்திலுள்ள ஆவணங்களைத் தேடக் கணினியே போதும். நகர்பேசியின் தனிப்பயன் வேறு: முதியவரின் பேச்சு, பெட்டியடியில் கிடக்கும் கடிதம், கல்லறைக் கல்வெட்டு போன்ற அழியக்கூடிய சான்றுகளை அவை இருக்கும் இடத்திலேயே பதிவு செய்ய அது உதவுகிறது. அவற்றுடன் யார், எப்போது, எங்கே என்ற விவரங்களும் சேமிக்கப்படாவிடின், அடுத்த தலைமுறையின் கையில் பெயரற்ற முகங்களே எஞ்சும்.

பின்னணி

குடும்ப ஆவணங்களைப் பெருமளவில் படியெடுக்கும் பணியை யூட்டா மரபுவழிக் கழகம் 1938 இல் நுண்படச் சுருள்களில் தொடங்கியது. அதன் வழிவந்த பேமிலிசர்ச் நிறுவனம், ஏறத்தாழ 24 இலட்சம் சுருள்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும் பணியை 2021 இல் நிறைவு செய்தது. கல்லறைக் கற்களைப் புவியிட விவரத்துடன் நகர்பேசியில் படமெடுத்துப் பதிவேற்றும் பில்லியன்கிரேவ்ஸ் 2011 இல் தொடங்கியது. எரியூட்டும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இத்தகைய தளங்களால் பயன் குறைவு.

ஒளிப்படமும் அதனுள் உள்ள தரவும்

நகர்பேசியில் எடுக்கப்படும் படக் கோப்பினுள் எக்சிஃப் என்னும் துணைத்தரவு உண்டு. எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் ஆகியவற்றுடன், பயனர் அனுமதித்திருந்தால் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கும் அதில் பதிவாகும். இடிந்த பூர்வீக வீட்டின் இருப்பிடத்தைக் குறித்து வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் பழைய படத்தை மீண்டும் படமெடுக்கும்போது, படியெடுத்த நாளே எக்சிஃபில் பதிவாகிறது. இதனால் 1950களின் திருமணப் படம் ஒன்று இவ்வாண்டுப் படங்களோடு வரிசைப்படுத்தப்படும். உரிய ஆண்டைக் கையால் திருத்த வேண்டும். படத்தின் பின்புறத்தையும் தவறாமல் எடுத்தல் நன்று. ஒளிப்பட நிலையத்தின் முத்திரையும் பென்சில் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்பட்டு எக்சிஃப் தரவும் நீங்கிவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு மாறாமல் சேரும். உறவினர் குழுக்களில் சுற்றிவரும் பல படங்கள் எங்கிருந்து வந்தன என்று எவராலும் சொல்ல முடியாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிப்பதிவு

பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுபவர், கேட்பவர் ஆகிய விவரங்களை வாயால் சொல்லிவிட்டால், கோப்பின் பெயர் மாறினாலும் அவை தொலையா. இடையில் அழைப்பு வராதிருக்க வானூர்திப் பயன்முறை உதவும். "பழைய கதைகளைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு படத்தைக் காட்டி "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்பது கூடுதல் பலன் தரும். சொல்பவர் பயன்படுத்தும் உறவுப்பெயரை அப்படியே குறிக்க வேண்டும். சித்தப்பா, பெரியப்பா, மாமா அனைவரையும் "அங்கிள்" என்று எழுதினால் தந்தைவழியா தாய்வழியா என்பதே மறைந்துவிடும்.

பழைய நகர்பேசிகளின் ஏஎம்ஆர் ஒலிக்கோப்புகளை இன்றைய வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எனினும் மூலக் கோப்பை அழிக்கலாகாது.

பெயர்களும் மென்பொருளும்

மரபுவழித் தரவைப் பரிமாற 1984 இல் உருவாக்கப்பட்ட கெட்காம் என்னும் உரைக்கோப்பு வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது. தொடக்கத்தில் அது பயன்படுத்திய அன்செல் குறிமுறையில் தமிழெழுத்துகள் இல்லை. 2021 இல் வெளியான ஏழாம் பதிப்பு யுடிஎஃப்-8 குறிமுறையைக் கட்டாயமாக்கியது.

எழுத்துச் சிக்கலைவிடப் பெரியது பெயரமைப்புச் சிக்கல். பெரும்பாலான செயலிகள் குடும்பப் பெயர் ஒன்றைக் கேட்கின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொள்ளும் தமிழர் அவ்விடத்தில் தந்தை பெயரை இட்டால், தலைமுறைதோறும் "குடும்பப் பெயர்" மாறும். செயலியும் தந்தையையும் மகனையும் வெவ்வேறு குடும்பத்தாராகக் கருதக்கூடும். அவ்விடத்தை வெறுமையாக விடுவதே தகும். மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணந்த குடும்பங்களில் ஒருவரே இரு வழிகளில் முன்னோராவார். சில செயலிகள் அவரை இருமுறை காட்டும். கணினியியல் நோக்கில் இது மரமே அன்று, சுழற்சியற்ற திசைக் கோட்டுரு.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் நிலைமை வேறு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 152,184 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். கப்பற் பட்டியல்களில் குடியேற்ற எண், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், மாவட்டம் ஆகியவை எழுதப்பட்டன. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துக்கூட்டல் பலவாறு திரிந்தது. பின்னர்க் கவுண்டர் "கோவெண்டர்" என்றும், முதலியார் "மூட்லி" என்றும் குடும்பப் பெயர்களாயின. ஆகவே இன்றைய குடும்பப் பெயரை மட்டும் செயலியில் இட்டுத் தேடினால் மூதாதையர் அகப்படுவது அரிது. வீட்டிலுள்ள பழைய சான்றிதழில் குடியேற்ற எண் இருக்கிறதா என்று பார்த்து, அதை முதலில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண் கிடைத்தால் ஊர்ப்பெயர் வரை செல்ல வழியுண்டு.

தனியுரிமை

பேமிலிசர்ச் குடும்ப மரத்தில் வாழ்வோரின் விவரங்கள் பொதுவில் காட்டப்படுவதில்லை. எல்லாச் செயலிகளிலும் இந்நிலை இல்லை. பிறந்த நாளும் தாயின் பிறந்தகப் பெயரும் வங்கிகளின் அடையாளக் கேள்விகளாகப் பயன்படுபவை. ஆதலின் வாழ்வோரைப் பொது மரத்தில் சேர்க்குமுன் அவர்தம் இசைவைப் பெற வேண்டும். ஒலிப்பதிவைப் பகிர்வதற்கும் இது பொருந்தும்.