தென்னந்தோப்புக்கு மேலே 800 கிலோவோல்ட்

முள்கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், காலடியில் கொழுக்கட்டைப் புல், மேய்ந்து திரியும் காங்கேயம் மாடுகள். காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தின் கொறங்காடுகளுக்கு இதுதான் அடையாளம். வானம் பார்த்த அந்த மேய்ச்சல் நிலங்களையும், கிணற்றுப் பாசனத்தில் வளர்ந்த தென்னந்தோப்புகளையும் கொண்ட கொங்கு மண்ணின் குறுக்கே இப்போது உயர்மின் கோபுரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கரில் கிளம்பி, சுமார் 1,800 கி.மீ. கடந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்திசை மின்பாதை அவற்றில் பெரியது. புகளூரிலிருந்து அரசூர், எடையர்பாளையம், திருவலம் என்று பிரியும் 400 கிலோவோல்ட் பாதைகளும் உண்டு.

2018 டிசம்பரில் ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் விவசாயிகள் இந்தக் கோபுரங்களை எதிர்த்துக் காத்திருப்புப் போராட்டத்திலும் உண்ணாவிரதத்திலும் உட்கார்ந்தார்கள். மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. “சாலையோரமாகக் கேபிளைப் புதைத்துக் கொண்டுபோங்கள்” என்றுதான் கேட்டார்கள். அது நடக்காத காரியம் என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது.

உண்மையில் நடக்காத காரியமா? பாதைக்குப் பாதை விடை மாறும் என்கிறது இயற்பியல்.

மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே மின்சக்தியைப் பாதி மின்னோட்டத்தில் அனுப்பலாம். கம்பி சூடாகி வீணாவது கால் பங்காகக் குறையும். ஒரு கம்பியில் நேர் 800, இன்னொன்றில் எதிர் 800 கிலோவோல்ட் வைத்து இயங்கும் ராய்கர்–புகளூர் பாதை, 6,000 மெகாவாட்டை 3,750 ஆம்பியரிலேயே கொண்டுவந்துவிடுகிறது. தொலைதூரத்துக்கு உயர் மின்னழுத்தம் தேவைப்படுவது இதனால்தான். வானத்தில் போகும் கம்பிக்குக் காற்றே காப்பு, அதற்குச் செலவில்லை. மண்ணுக்குள் போகும் கேபிளுக்கோ செப்பைச் சுற்றித் தடித்த பாலிஎத்திலீன் உறை வேண்டும், அதன் மேல் உலோகக் கவசமும் வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செம்பும் கவசமும் நடுவிலுள்ள உறையும் சேர்ந்து ஒரு நீளமான மின்தேக்கியாகிவிடுகின்றன. மாறுதிசை மின்சாரத்தில் அந்தத் தேக்கியை நொடிக்கு நூறு முறை நிரப்பிக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது, தண்ணீர் ஊருக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே குடங்களை நிரப்பி நிரப்பிக் கொட்டுவதைப் போல. 400 கிலோவோல்ட் கேபிளில் இதற்காகவே கிலோமீட்டருக்குச் சுமார் 15 ஆம்பியர் போய்விடும். 60 கி.மீ. தாண்டும்போது கிட்டத்தட்ட 900 ஆம்பியர். கேபிளின் கொள்ளளவில் பெரும்பகுதி தன்னை நிரப்பிக்கொள்வதற்கே சரியாகிவிடும். ஈடுகட்டும் கருவிகளை வழியில் ஆங்காங்கே நிறுவலாம் என்றாலும் செலவு பல மடங்கு ஏறும். நேர்திசை மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. கேபிள் ஒருமுறை நிரம்பினால் போதும்.

அப்படியானால் ராய்கர் பாதையைப் புதைத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கே தடை வேறு. ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் கடலடியில் இணைக்கும் கேபிள் 600 கிலோவோல்ட்டில் இயங்குகிறது; 800 கிலோவோல்ட்டில் நெடுந்தொலைவு புதைத்த கேபிள் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. குறைந்த மின்னழுத்தத்தில் பல கேபிள்களாகப் பிரித்துப் புதைக்கத்தான் முடியும்.

ஆனால் அதே புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு இன்னொரு நேர்திசைப் பாதை போகிறது. 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட். 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட இந்தப் பாதை தமிழ்நாட்டில் கோபுரங்களின் மேல் போகிறது. கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியை அடைந்ததும் மண்ணுக்குள் இறங்கி, முப்பது கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரத்தைக் கேபிளாகவே கடக்கிறது. நெருக்கமான குடியிருப்பும் நிலத் தட்டுப்பாடும் உள்ள அந்தப் பகுதியில் கோபுரத்துக்கு இடம் எடுப்பது அவ்வளவு கடினம். “அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?” என்று கொங்கு விவசாயிகள் கேட்டது இதை வைத்துத்தான். இந்த ஒரு பாதையைப் பொறுத்தவரை அவர்கள் கேட்டது தொழில்நுட்பக் கணக்கில் முழுக்கச் சரி. தடையாக நின்றது செலவுதான்.

அந்தச் செலவுக் கணக்கில் விவசாயியின் இழப்பு எவ்வளவு ஏறுகிறது? 800 கிலோவோல்ட் நேர்திசைப் பாதைக்கு 69 மீட்டர் அகலத் தடம் வேண்டும்; கிலோமீட்டருக்கு 17 ஏக்கர். 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர். தடத்துக்குள் தென்னை நிற்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. நிலம் பட்டாதாரர் பெயரிலேயே இருக்கும்; விற்கப்போனால் விலை விழும். மின்சாரச் சட்டம் 2003-இன் 164-வது பிரிவு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதை அமைப்பவருக்குக் கொடுக்கிறது. அதனால் நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நட முடிகிறது. 2015-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும் தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் தரச் சொன்னது. 2024 ஜூனில் இவை 200, 30 சதவீதமாக உயர்ந்தன. அந்த உயர்வே பழைய கணக்கு எவ்வளவு குறைவு என்பதற்குச் சான்று.

உடல்நல அச்சத்தையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 400 கிலோவோல்ட் கம்பியின் கீழ் டியூப்லைட்டைப் பிடித்தால் இணைப்பில்லாமலே ஒளிரும். அங்கே மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்புலம் இருக்கிறது. கம்பிவேலியைத் தொட்டால் சுரீர் என்று அடிப்பதும் அதனால்தான்; வேலியை முறையாக எர்த் செய்தால் அது நிற்கும். காந்தப்புலம் வேறு சங்கதி. 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மாறுதிசை மின்சாரத்தின் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு பலவீனமான புள்ளிவிவரத் தொடர்பு தெரிந்தது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. நேர்திசைப் பாதையின் காந்தப்புலம் மாறாதது, பூமியின் காந்தப்புலத்தை ஒத்த அளவுடையது. வீட்டுக்கும் மாறுதிசைக் கம்பிக்கும் இடையே தூரம் விடுவது நியாயமான எச்சரிக்கை. அச்சப்படும் மக்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம்.

ஜெர்மனியிலும் இதே எதிர்ப்பு எழுந்தது. வடகடல் பக்கத்துக் காற்றாலை மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் சூட்லிங்க் திட்டத்தின் கோபுரங்களை வழியோர மக்கள் ஏற்கவில்லை. 2015-இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, இத்தகைய நேர்திசைப் பாதைகளுக்குப் புதைகேபிளே முதல் தேர்வு என்றாக்கியது. சுமார் 700 கி.மீ., 525 கிலோவோல்ட். செலவு கூடியது, 2022-இல் முடிய வேண்டிய வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போனது. பள்ளம் வெட்டுவதால் மண் இறுகும், கேபிளின் வெப்பத்தால் மண் சூடாகும் என்று அங்குள்ள விவசாயிகள் கவலை தெரிவித்தார்கள். கேபிளுக்கு மேலே ஆழமாக வேரோடும் மரம் வைக்க முடியாது. பழுதானால் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

தமிழ்நாட்டில் கோபுரங்கள் இன்னும் வரும். தென் மாவட்டக் காற்றாலை, சூரிய மின்சாரத்துக்காக விருதுநகரிலிருந்து கோவைக்கு 765 கிலோவோல்ட் பாதை ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு திட்டமிடப்பட்டது. அது மாறுதிசைப் பாதை. அந்த மின்னழுத்தத்தில் நெடுந்தொலைவு புதைப்பதற்கு இன்று வழியில்லை என்பதை விவசாயிகளிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். 67 மீட்டர் தடம் எந்தத் தோப்பைத் தொடும், எந்தக் கிணற்றைத் தவிர்க்கலாம், மாற்றுப் பாதைகள் எவை, ஒவ்வொன்றிலும் நில மதிப்பிழப்பு உட்பட மொத்தச் செலவு என்ன என்ற வரைபடங்களைக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே கிராமசபையில் வைக்கவும் முடியும். நேர்திசைப் பாதை போடும் இடங்களில், புதைத்தால் ஆகும் செலவையும் அதே தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.