பண்படாத மரமும் சுங்கப் பட்டியலும்

மரத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆயினும் ஒரு மரத்துண்டு கப்பலேறி மற்றொரு நாட்டின் துறைமுகத்தில் இறங்கும்போது, 'இது என்ன பொருள்?' என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை கிடைத்த பின்னரே தீர்வை எவ்வளவு, அனுமதிச் சீட்டு வேண்டுமா, தடை ஏதும் உண்டா என்பன முடிவாகும். குஜராத்தில் காந்திதாம் நகரின் மர அறுவைச் சாலைகளை நேயர்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். அருகிலுள்ள கண்ட்லாத் துறைமுகத்தில் இறங்கும் மரமே அச்சாலைகளுக்குத் தீனி. அங்கும், மும்பையிலும், கொல்கத்தாவிலும் சரக்குத் தரகர் அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர்க்கு இக்கேள்வி அன்றாடத் தொல்லை. மற்றையோர்க்கும் இதில் சுவை உண்டென்று நம்புகிறோம்.

உலக வாணிகப் பொருள்கள் அனைத்தையும் எண்ணிட்டு அடுக்கிய பொதுப் பட்டியல் ஒன்று வழக்கில் உள்ளது. 1983-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அது 1988 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவோ 1986-இலேயே தன் சுங்கத் தீர்வைப் பட்டியலை அதற்கு இசைய அமைத்துக்கொண்டது. அதன் 44-ஆம் அத்தியாயம் மரத்துக்கு உரியது. விறகில் தொடங்கி, கரி, உருட்டு மரம், அறுத்த பலகை, ஒட்டுப்பலகை எனச் சென்று, பீப்பாய், கதவு, சன்னல் என்று முடிவுறும் அந்த வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். மனிதன் கை மரத்தின்மேல் எவ்வளவு பட்டதோ அவ்வளவுக்குத் தலைப்பின் எண்ணும் பெரும்பாலும் உயர்ந்துகொண்டே போகிறது.

மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நமக்கு இடறலாக நிற்பது 44.03 என்னும் தலைப்பு. ஆங்கிலத்தில் அது 'ரஃப்' என்ற சொல்லை ஆள்கிறது. அகராதியைப் புரட்டினால் 'கரடுமுரடான' என்று கிடைக்கும். அதை அப்படியே எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். தடவிப் பார்த்தால் கையில் சிராய் ஏறும்படி வாளால் அறுத்து, இழைப்புளி படாது கிடக்கும் பலகை, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்புடையதாயின், 44.07 என்ற தலைப்பில் அறுத்த மரமாகிவிடும். பட்டை உரித்து வழவழப்பாக நிற்கும் தைல மரக் கம்பமோ 44.03-ஐ விட்டு நகராது. ஆகவே, இங்கே கேட்கப்படுவது மரம் தொடுவதற்கு எப்படி இருக்கிறது என்பதன்று. அதன்மேல் என்ன வேலை நடந்திருக்கிறது என்பதே. இதனாற்றான் 'பண்படாத மரம்' என்ற தொடரை நாம் விரும்புகிறோம். நிலத்தைப் பண்படுத்துவது போல மரத்தையும் பண்படுத்துவதுண்டு அன்றோ!

நம் கடற்கரை ஊர்களில் யாவரும் அறிந்த சவுக்கை எடுத்துக்கொள்வோம். வெட்டிக் கிளை கழித்த சவுக்குக் கம்பு 44.03. பட்டையை உரித்தாலும், பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றினாலும் தலைப்பு மாறாது. அதையே துண்டுகளாக்கி அடுப்புக்கென அனுப்பினால் 44.01-இல் விறகு. ஒரு முனையைச் சீவிக் கூராக்கி வேலி முளையாகச் செய்தால் 44.04. நீளவாட்டில் பிளந்து கழியாக்கினாலும் அதே 44.04. ஆனால் முளையை நீளவாட்டில் வாளால் அறுத்திருக்கலாகாது. பிளத்தல் வேறு, அறுத்தல் வேறு என்று நம் தச்சர்கள் அறிந்த பாகுபாட்டைப் பட்டியலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூங்கிலை இக்கணக்கில் சேர்க்க வேண்டா. முடைவதற்குரிய மூங்கில், பண்படாத நிலையில், பிளந்திருந்தாலும் சரி, அறுத்திருந்தாலும் சரி, மரத்தின் அத்தியாயத்திலேயே இல்லை, 14.01-இல் இருக்கிறது.

தேக்கின் கதை இன்னும் நுட்பமானது. உருண்ட மரத்தைக் கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி ஏறத்தாழச் சதுரமாக்குவதுண்டு. முகங்கள் தட்டையாயினும் அங்கங்கே பட்டையின் தடமும் மேடுபள்ளமும் எஞ்சியிருக்கும். அத்தகைய மரம் 44.03-லேயே நிற்கும். தேக்கை ஆப்பு வைத்துப் பிளந்து, அதன் இழையோட்டத்தின் வழியே செதுக்கி எடுத்த பெருந்தூலமும் அவ்வாறே. அதே அளவுள்ள தூலம் செம்மையாக வாளால் அறுக்கப்பட்டிருப்பின் 44.07 ஆகிவிடும். நீளம், அகலம், எடை யாவும் ஒன்றாயிருக்க, கருவி ஒன்றே பெயரை மாற்றுகிறது.

இது வெறும் எழுத்துக் கணக்கன்று. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கு மரம் தந்த பர்மா, இன்றைய மியன்மார், 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. ஆப்பிரிக்காவில் காபோன் நாடு 2010-இல் அவ்வாறே செய்தது. காட்டைக் காப்பதும், அறுக்கும் வேலையும் அதன் கூலியும் உள்நாட்டிலேயே தங்கச் செய்வதும் இத்தகைய தடைகளின் நோக்கங்கள். கோடரியால் நான்கு பக்கமும் செதுக்கிய தடியை 'அறுத்த மரம்' என்று எழுதி அனுப்ப இயலுமானால், தடையால் என்ன பயன்? அறுவைச் சாலையின் கூலியாளுக்கு வேலை போகும், காடும் போகும். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை, உருட்டு மரத்துக்கு வரையறை கூறும்போது இதே 44.03-ஐத்தான் சுட்டுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் செஞ்சந்தனம் அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள மரம். வைரத்தைச் சூழ்ந்த வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டதனால் அத்தடி செய்பொருள் ஆகிவிடாது. கைப்பொருள் என்று பெயரிட்டாலும் தடி தடியே.

44.04-க்கு மீண்டும் வருவோம். பீப்பாய்களுக்கு வளையமாக வளைக்கும் பிளாச்சு அதில் அடங்கும். ஆனால் அளவாய் நறுக்கி, முனைகளைக் கோத்து மாட்டுவதற்கு வெட்டுவாய் இட்டுவிட்டால் பீப்பாயின் உறுப்பாகி 44.16-க்குப் போகும். கைத்தடிக்கும் குடைக் காம்புக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் ஏற்றவாறு மேலோட்டமாகச் சீவிய கோல்களும் 44.04-ஐச் சேர்ந்தவை. அக்கோலைக் கடைசல் பிடித்துக் கருவியின் பிடியாக்கினால் 44.17, கைத்தடியாக்கினால் 66.02. கடைசல்காரரின் சில நிமிட உழைப்பு மர அத்தியாயத்தையே கடக்கச் செய்கிறது! கூடை முடையவும் சிறு பெட்டி செய்யவும் உதவும் மெல்லிய, வளையக்கூடிய மரச்சீவல்களும் 44.04-ஐச் சேர்ந்தவையே. சிவகாசித் தீப்பெட்டிகள் அட்டைக்கு மாறுமுன் மெல்லிய மரத்தகட்டால் செய்யப்பட்டதை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வகைப் பெட்டிக்கான சீவல் ஒரு தலைப்பு. உள்ளே இருக்கும் குச்சி, மருந்து தோயாத நிலையில், 44.21 என்ற வேறொரு தலைப்பு. மருந்து தோய்த்து விட்டாலோ 36.05. இன்னொரு வேடிக்கையும் உண்டு. புளிக்காடி செய்யவும் திரவங்களைத் தெளிய வைக்கவும் மேனாட்டார் பயன்படுத்தும் சுருள் சீவல் 44.04. இழைப்புளியிலிருந்து தரையில் உதிரும் சுருளோ கழிவு. அது விறகோடு சேர்ந்து 44.01-இல் விழும். ஒரே சீரான தடிப்பும் ஒழுங்கான சுருளும் உடையதா என்று பார்த்தே இரண்டையும் பிரிப்பார்கள்.

சரக்குப் பத்திரம் எழுதுவோர் 'தேக்கு, இத்தனை கன மீட்டர்' என்று மட்டும் எழுதி நிறுத்துவது போதாது. எந்தக் கருவியால் வேலை நடந்தது, பட்டை எஞ்சியுள்ளதா, முனைகள் எவ்வாறுள்ளன, தடிப்பு 6 மில்லிமீட்டரைக் கடந்ததா என்பவற்றையும் குறித்தல் வேண்டும். புகைப்படம் ஒன்றை இணைத்தால் இன்னும் நன்று. ஐயம் தீராதவிடத்துச் சரக்கு வருமுன்பே முடிவைக் கேட்டுப் பெறும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. அதற்கான சுங்க முன்தீர்ப்பு ஆணையம் 2021 முதல் டெல்லியிலும் மும்பையிலும் இயங்கி வருகிறது. அங்கே விண்ணப்பிப்போர் மரத்தின் பெயரை மட்டுமல்லாமல், அதன்மேல் நடந்த வேலையையும் படிப்படியாக விவரித்து எழுதுதல் நலம்.