டிஸ்சார்ஜ் சீட்டுக்குப் பிறகு யார்?

வாலாஜாபாத் ஒன்றியத்திலுள்ள தென்னேரியில் ஒரு முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் 108 ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போகும். அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவுக்குத்தான் பொறுப்பேற்கிறது. இடுப்பு தேறவோ மாதங்கள் ஆகும்.

சீட்டில் எழுதுவது எல்லோருக்கும் ஒன்றுதான்: வாக்கர், பிசியோதெரபி, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. நெசவாளர் வீட்டில் தறி பாதி இடத்தை அடைத்தாலும் பகலில் ஆள் இருக்கும்; புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை கிடைக்கும். ஏரிக்கரைப் புறம்போக்கில் வாழும் இருளர் பழங்குடிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். குனிந்து நுழையும் வாசல், மண் தரை, கட்டில் இல்லை, கழிப்பறை இல்லை. வாக்கர் எங்கே உருளும்? குத்துக்காலிடாமல் எங்கே போவது? பிள்ளைகள் செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ போனால், இடுப்பு முறிந்த கிழவி தனியே கிடக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களோடு சூளைக்குப் போக வேண்டும். அசையாமல் கிடந்தால் படுக்கைப்புண், நுரையீரல் தொற்று, காலில் ரத்தக்கட்டு என ஒவ்வொன்றாக வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதற்கும் உதவும் நல்ல திட்டம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், படுக்கையில் இருப்பவரைக் கவனிக்கிறார்கள். ஆனால் இந்தச் சேவை ஊராட்சி ஒன்றிய அளவில்தான் இயங்குகிறது. தென்னேரி அடங்கிய வாலாஜாபாத் ஒன்றியத்தில் மட்டும் 61 ஊராட்சிகள். ஊரை விட்டுச் சூளைக்குப் போனவரை ஊர்ப் பட்டியலை வைத்து எப்படித் தேடுவது?

காகிதமும் குறுக்கே நிற்கிறது. காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை வேண்டும், வருமானச் சான்று வேண்டும். பட்டா இல்லாத குடிசைக்கு முகவரிச் சான்றே பெரும்பாடு. இத்தனைக்கும் இருளர், மத்திய அரசு ‘மிகவும் நலிந்த பழங்குடி’ என வகைப்படுத்திய தமிழ்நாட்டின் ஆறு சமூகங்களில் ஒன்று. அந்தச் சமூகங்களுக்காக 2023 நவம்பரில் பிரதமர் ஜன்மன் திட்டம் வந்தது. அதில் நடமாடும் மருத்துவக் குழுக்களும் உண்டு.

சமூகத்தைப் பொறுத்துப் பராமரிப்பு மாறுவது இங்கே மட்டும் அல்ல. அமெரிக்காவிலும் கறுப்பின முதியோர் தரம் குறைந்த பராமரிப்பு இல்லங்களுக்கே அதிகம் போய்ச் சேர்கிறார்கள் என ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே இல்லமாவது இருக்கிறது. இங்கே குடும்பமே எல்லாம்.

புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. டிஸ்சார்ஜுக்கு முன் வார்டில் ஒருவர் கேட்டால் போதும்: அடுத்த மூன்று மாதம் எங்கே இருப்பீர்கள், கூட யார் இருப்பார்கள்? சூளை என்று பதில் வந்தால், சூளை இருக்கும் ஒன்றியத்தின் பிசியோதெரபிஸ்டுக்கு அன்றே தகவல் போக வேண்டும்.