பேசும் கரடிப் பொம்மை

துணியால் தைத்த கரடிப் பொம்மையைக் கையில் கொடுத்தால், குழந்தை முதலில் அதனை அணைத்துக் கொள்ளும். அடுத்த கணமே வயிற்றை அமுக்கிப் பார்க்கும். உள்ளே ஏதேனும் ஒலி இருந்தே தீரும் என்பது குழந்தைகளின் நம்பிக்கை. அவ்வொலி எவ்வாறு பிறக்கிறது, நாம் கையால் தைக்கும் பொம்மைக்குள் அதனை எவ்வாறு அமைப்பது என்பவற்றை இங்கே காண்போம். துவாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரிந்துகொண்டு, ஊரில் இருக்கும் பிள்ளைக்கு என்ன அனுப்பலாம் என எண்ணும் தந்தையருக்கும் இச்செய்தி பயன்படும்.

1902-ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், வேட்டையின்போது மரத்தில் கட்டப்பட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். அது கேலிச்சித்திரமாக வெளிவந்தது. அதனைக் கண்ட மோரிஸ் மிக்டம் என்னும் புரூக்ளின் கடைக்காரர், அதிபரின் செல்லப்பெயரான 'டெடி'யைச் சூட்டிக் கரடிப் பொம்மை விற்றார். ஜெர்மனியில் ஸ்டைஃப் நிறுவனமும் அக்காலத்திலேயே கரடி செய்தது. ஆனால் பேசும் பொம்மை அதற்கும் மூத்தது. மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியைப் பரப்பிய மேல்செல் என்பவர், 'மாமா', 'பாபா' என ஒலிக்கும் பொம்மைக்கு 1824-இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். அவர்கள் ஊரில் 'மாமா' என்றால் அம்மா. நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் தாய்மாமனைத்தான் தேடும்!

அப்பொம்மைக்குள் இருந்தது சிறு துருத்தி. ஆர்மோனியப் பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். துருத்தியிலிருந்து வரும் காற்று, ரீடு என வழங்கும் மெல்லிய நாக்கை அதிரச் செய்கிறது, அதிர்வே ஒலியாகிறது. கரடியின் உறுமலும் இதே முறைதான். சிறு டப்பாவுக்குள் துருத்தியும், அதன்மேல் ஓர் எடைக்கட்டியும் இருக்கும். பொம்மையைச் சாய்த்து நிமிர்த்தும்போது எடை இறங்கித் துருத்தியை அமுக்க, கரடி உறுமும். மின்சாரம் வேண்டியதில்லை. இதனைப் பொருத்துவோர் இரண்டைக் கவனித்தல் வேண்டும். டப்பாவின் துளைகளில் பஞ்சு புகுந்தால் ஒலி அடைபடும்; ஆதலால் மெல்லிய துணிப்பையில் இட்டுச் சுருக்கிக் கட்டி, துளையுள்ள பக்கம் வயிற்றுத் துணியை ஒட்டி அமையுமாறு வைக்க வேண்டும். மேலும், டப்பா முன்பின்னாகக் கிடந்தால்தான், படுத்த கரடியை எழுப்பும்போது எடை நகரும். குறுக்காக வைத்தால் கரடி ஊமையாகிவிடும்.

இன்னும் எளியது நம் கிலுகிலுப்பை. பனையோலையில் முடைந்து உள்ளே கல்லோ விதையோ இட்ட கிலுகிலுப்பையை நம் பாட்டிமார் அறிவர். மூடி இறுகிய சிறு டப்பாவில் நான்கைந்து மணிகளை இட்டுப் பொம்மைக்குள் வைத்தால் அதே ஓசை கிடைக்கும். சலங்கையை வெறுமனே பஞ்சுக்குள் புதைத்தால் ஒலிக்காது. அதற்கும் டப்பா வேண்டும். விதை இடுவோர் குன்றிமணியை அறவே தவிர்க்க வேண்டும். அழகிய அவ்விதை உடைந்து வயிற்றில் சென்றால் கொடிய நஞ்சாகும். அவரை, பயறு போன்றவை இவ்வூர் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும்.

இனி, தந்தையர் பலரும் விரும்பும் குரல் பதியும் கருவி. இவ்வாசை புதிதன்று. எடிசன் 1890-இல் பொம்மையின் உடலுக்குள் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வைத்து விற்றார். பொம்மைகள் எளிதில் பழுதானதால் சில வாரங்களிலேயே விற்பனை நின்றது. இன்று ஒரு சில்லு அவ்வேலையை எளிதாகச் செய்கிறது. பொத்தானை அமுக்கியபடி சில நொடிகள் பேசினால் குரல் பதிந்துவிடும். மின்கலத்தை மாற்றினால் பதிவு அழிந்துவிடும் வகையும் உண்டு. வாங்கும்போதே கேட்டறிதல் நலம்.

ஆயினும் இங்கே ஓர் அபாயம் உண்டு. இக்கருவிகள் பலவற்றில் இருப்பது பொத்தான் வடிவ மின்கலம். குழந்தை அதனை விழுங்கி, அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து அரிகாரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தசை வெந்து புண்ணாகிவிடும். உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் இதற்கெனத் தனி விதிகள் வகுத்துள்ளன. மின்கல அறை, குழந்தையால் எளிதில் திறக்க இயலாதவாறு மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. திருகாணி இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இங்கே 995, தமிழகத்தில் 108. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு உறுமும் கரடியோ கிலுகிலுப்பைக் கரடியோ போதும் என்பதே நம் கருத்து. அப்பொம்மைக்குள் வைக்கும் டப்பாவும் குழந்தையின் வாயில் நுழையாத அளவு பெரியதாக இருத்தல் வேண்டும்.

வளர்ந்த பிள்ளைக்குக் குரல் பதிவோர் விடுதி அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிதல் நன்று. கப்பல் பட்டறையின் இரைச்சலும் கனவண்டியின் ஒலியும் சேர்ந்து பதிந்தால் சொல் விளங்காது. வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் கருவியைப் பிடித்து, பிள்ளையின் பெயரை முதலில் சொல்லி, ஒரே வாக்கியம் பேசினால் போதும். கரடியின் முதுகில் சிறு பை தைத்து, அதற்குள் கருவியை வைத்து வாயைத் தைத்துவிட வேண்டும். பொம்மையைத் துவைக்கும் நாளில் வீட்டார் அத்தையலைப் பிரித்துக் கருவியை எடுத்துவிட்டு, உலர்ந்தபின் மீண்டும் வைத்துத் தைத்துக் கொள்ளலாம். இதனையும் ஒரு சீட்டில் எழுதிப் பொம்மையுடன் அனுப்புக.